இப்னு பதூதாவின் பயண நூல்: எந்தப் பக்கத்தை நம்புவது, எந்தப் பக்கத்தைத் தள்ளுவது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

பழைய பயண நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். மெகஸ்தனிஸ், யுவான் சுவாங், மார்க்கோ போலோ என எல்லோரையும் ஒரே மூச்சில் இழுத்து வைத்துப் பேசுவதால் விவாதம் எதிலும் ஊன்றி நிற்பதில்லை. இம்முறை ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம் என்று முன்மொழிகிறேன். மொராக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ் யாத்திரைக்காகப் புறப்பட்டு, எகிப்து, சிரியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, அனத்தோலியா, நடு ஆசியா என்று சுற்றித் தில்லிக்கு வந்து முகமது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பதவி வகித்து, பிறகு மாலத்தீவு, இலங்கை, மதுரை, சீனம் வரை சென்றதாகச் சொல்லி, இறுதியில் சகாராவைக் கடந்து மாலி நாட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இப்னு பதூதாதான் அவர்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மதுரை சுல்தானகத்தைப் பற்றி, அந்த அரசவையிலேயே அமர்ந்து உண்டு, கண்ணால் பார்த்து எழுதிய சாட்சி என்று நமக்குக் கிடைப்பவர் அநேகமாக அவர் ஒருவரே. அதனால் இணையத்தில் அவர் படும் பாடு சொல்லி முடியாது. தமக்கு வேண்டிய இரண்டு பத்திகளை வெட்டி ஒட்டிவிட்டு, ‘இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்’ என்று கேட்பவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள். அந்தப் பத்திகள் தமக்கு உவப்பாக இல்லாத காரணத்தால், ‘அவர் சீனாவுக்கே போகவில்லையாம், முழுவதும் கட்டுக்கதையாம்’ என்று நூலையே தூக்கி எறிபவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் நூலை முழுதாகப் படித்திருக்கிறார்களா என்பதே எனக்கு ஐயம்.

என் கேள்வி இதுதான்: ஒரே நூலுக்குள் நம்பத்தக்க பக்கங்களும் நம்பத்தகாத பக்கங்களும் கலந்து கிடக்கும்போது, சாதாரண வாசகர் அவற்றை எப்படிப் பிரித்தறிவது?

சுவடிக்காவலர்

நூல் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் தெளிந்துவிடும். நாம் ‘இப்னு பதூதா எழுதினார்’ என்று வழக்கமாகச் சொல்கிறோமே தவிர, அவர் தம் கையால் இந்த நூலை எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு, மொராக்கோவை ஆண்ட மரீனித் வம்சத்து அரசன் அபூ இனானின் ஆணைப்படி அவர் வாய்மொழியாகச் சொல்ல, ஸ்பெயினின் கிரனாதாவைச் சேர்ந்த இப்னு ஜுஸைய் என்ற இளம் புலவர் அதை எழுத்தில் வடித்தார். 1355ஆம் ஆண்டு இறுதியில் சொல்லி முடித்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நூல் முழு வடிவம் பெற்றது. முதல் பயணத்துக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்த முப்பது ஆண்டுகளுக்கான நாட்குறிப்பு ஏதும் அவர் கையில் இருந்ததாகத் தெரியவில்லை. புகாராவில் அறிஞர்களின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் தம்மைச் சூறையாடியபோது அவையும் போய்விட்டதாகவும் அவரே ஓரிடத்தில் சொல்கிறார். ஆகவே பெரும்பகுதி நினைவிலிருந்து வந்தது. நினைவு கைகொடுக்காத இடங்களில் எழுதியவர் என்ன செய்தார் என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கு விடை ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது. 1183 முதல் 1185 வரை பயணம் செய்த அந்தலூசியரான (முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயின் நாட்டவரான) இப்னு ஜுபைரின் நூலிலிருந்து தமாஸ்கஸ், மக்கா, மதீனா ஆகிய நகரங்களைப் பற்றிய வருணனைகள் பெருமளவில் அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கின்றன. பாலஸ்தீனப் பகுதிக்கு 13ஆம் நூற்றாண்டின் அல் அப்தரீ என்ற மற்றொரு மொராக்கோ பயணியின் நூல் பயன்பட்டிருக்கிறது. இன்றைய அளவுகோலில் இது திருட்டு. அன்றைய அரபு இலக்கிய மரபில், ஏற்கெனவே அழகாகச் சொல்லப்பட்டுவிட்ட ஒன்றை மீண்டும் குறைவாகச் சொல்வதைவிட எடுத்தாள்வதே மேல் என்று கருதப்பட்டது. எல்லோரும் அறிந்த புனித நகரங்களுக்கு ஓர் இலக்கியத் தரம் எதிர்பார்க்கப்பட்டது. அதை இப்னு ஜுஸைய் நிறைவேற்றினார்.

இதிலிருந்து வாசகருக்குக் கிடைக்கும் முதல் பிடி என்னவென்றால், எடுத்தாள வேறு நூல் இல்லாத ஊர்களைப் பற்றிய பகுதிகளில்தான் அவருடைய சொந்தக் குரல் அதிகமாகக் கேட்கும். மாலத்தீவு, மதுரை, மாலி ஆகிய மூன்றுக்கும் பார்த்து எழுத முன்மாதிரி அவரிடம் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கொற்கைத்துறை

சுவடிக்காவலர் ஐயா சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது; ஆனால் கொஞ்சம் அதிகமாகவே இரக்கம் காட்டுகிறார் என்று தோன்றுகிறது. எடுத்தாண்டது ஒரு குற்றம் என்றால், போகாத ஊருக்குப் போனதாகச் சொல்வது வேறு வகைக் குற்றம். இரண்டையும் ஒன்றாக வைத்து மன்னிக்க இயலாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். காக்கசஸ் மலையடிவாரத்தில் கிப்சாக் கான் என்ற மங்கோலிய அரசனின் பாளையத்திலிருந்து வோல்கா ஆற்றங்கரையின் புல்கர் நகருக்குப் பத்து நாளில் போனதாகச் சொல்கிறார். வழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் காலத்து வண்டிப் பயணத்தில் இது நடக்காத காரியம் என்று 1929ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கோடையில் இரவு மிகச் சுருங்கிவிடும் வடநாட்டு அதிசயத்தை யாரிடமோ கேட்டுவிட்டு, அதைத் தாம் நேரில் கண்டதாக ஆக்கிக்கொள்ளவே அந்தப் பயணம் செருகப்பட்டிருக்கிறது.

இரண்டாவது இதைவிட மோசம். சீனத் தலைநகருக்குச் சென்றபோது பேரரசர் கலகத்தில் கொல்லப்பட்டுவிட்டதாகவும், அவருடைய உடலை உறவினர்களோடும் அடிமைகளோடும் சேர்த்துப் புதைத்த இறுதிச் சடங்கைத் தாம் பார்த்ததாகவும் விரிவாக எழுதியிருக்கிறார். அப்போது ஆண்ட தோகோன் தெமூர் 1333இல் அரியணை ஏறி 1368 வரை ஆண்டு, 1370இல்தான் இறந்தார். உயிரோடு இருந்த அரசருக்கு ஈமக்கிரியை நடத்திவிட்டுத் திரும்பிய சாட்சியை மதுரை விஷயத்தில் மட்டும் எப்படி நம்புவது? நீதிமன்றமாக இருந்தால் இந்தச் சாட்சியின் மொத்த வாக்குமூலமும் அன்றே தள்ளுபடியாகியிருக்கும்.

சுவடிக்காவலர்

சீனத் தலைநகரான பீகிங்கைப் பற்றிய பகுதி பொய் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதே சீனப் பயணத்தில் சைத்தூன் துறைமுகத்தைப் பற்றிய பகுதியையும் பாருங்கள். அதுதான் இன்றைய குவான்சோ. அங்கே தாம் சந்தித்தவர்களில் ஷேக் புர்ஹானுத்தீன் காஸரூனீ என்ற பெரியவரைக் குறிப்பிடுகிறார். அந்த ஊரின் பழைய பள்ளிவாசலைப் புதுப்பித்தது பற்றி 1350ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட சீனக் கல்வெட்டில், அதே பெயர் சீன ஒலிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தாஞ்சியரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெயரைக் கற்பனையாகப் பிடித்திருக்க முடியாது. குறைந்தபட்சம் அந்தத் துறைமுகத்துச் செய்தி அறிந்தவர்களிடம் நெருங்கிப் பழகியிருக்க வேண்டும். (அதே குவான்சோவில்தான் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுடன் ஒரு சிவன் கோயில் இருந்தது என்பதை நம் நண்பர்கள் அறிவார்கள்.) ஆக ஒரே நாட்டைப் பற்றிய அத்தியாயத்திலேயே கடற்கரை ஊர் உறுதிப்படுகிறது, உள்நாட்டுத் தலைநகர் பொய்த்துப்போகிறது. முழு வாக்குமூலத்தையும் தள்ளுபடி செய்தால் இந்த வேறுபாடு நம் கண்ணிலேயே படாது.

நம்பாமை பற்றி இன்னொரு செய்தி. இப்னு பதூதாவை அவருடைய ஊர்க்காரர்களே நம்பவில்லை. தில்லி சுல்தான் வெளிப்பயணத்திலிருந்து திரும்பும்போது கவண் பொறிகள் வைத்துப் பணமுடிப்புகளை மக்கள் கூட்டத்தின்மீது வீசச் செய்தார் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து அரசவையினர் ‘ஆள் புளுகுகிறார்’ என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். இதைப் பதிவு செய்திருப்பவர் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். தாமும் அப்படியே எண்ணி அமைச்சர் ஃபாரிஸிடம் சொன்னபோது, அவர் ஒரு கதை சொன்னாராம். ஓர் அமைச்சர் சிறையில் அடைக்கப்படுகிறார். அவருடைய மகன் சிறையிலேயே வளர்கிறான். தனக்குத் தரப்படும் இறைச்சி எது என்று பையன் கேட்க, தந்தை ஆட்டை வருணிக்கிறார். பையனோ, ‘அப்பா, அது எலி மாதிரி இருக்குமா?’ என்கிறான். சிறையில் அவன் கண்ட ஒரே விலங்கு எலிதான். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதே கேள்வி. நாம் பார்த்திராததாலேயே ஒன்றைப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது என்பது அமைச்சரின் பதில்.

கொற்கைத்துறை ஐயா இந்தக் கதையை ஏற்க மாட்டார் என்று தெரியும். தோகோன் தெமூரின் மரண ஆண்டு எலிக்கதையால் மாறப்போவதில்லை.

பாக்குநீரிணை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கைப் பகுதியை யாரும் இன்னும் தொடவில்லை. ஆனால் சரிபார்க்க மிகவும் ஏற்ற பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

மாலத்தீவிலிருந்து புறப்பட்ட கப்பல் காற்றில் திசைமாறிப் புத்தளக் கரையை அடைகிறது. அங்கே தங்கியிருந்த ஆரியச் சக்கரவர்த்தியை இப்னு பதூதா சந்திக்கிறார். அரசர் பாரசீக மொழி அறிந்தவராக இருந்தார், முத்துக் குவியலைக் காட்டி இதுபோல் எங்கேனும் பார்த்ததுண்டா என்று கேட்டார், நல்ல முத்துகளைப் பரிசாகவும் தந்தார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாண அரசின் கடல்வலிமையைப் பற்றியும் முத்துக்குளிப்பின் மீது அதற்கிருந்த பிடியைப் பற்றியும் பேசும் எவரும் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக இயலாது. பாரசீகம் அறிந்த அரசர் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முத்து வாங்க வருபவர்களில் பாரசீக வளைகுடா வணிகர்கள் முதன்மையானவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்படைய ஒன்றுமில்லை.

அவர் கேட்டதெல்லாம் ஆதமின் பாதம் பதிந்த மலைக்குப் போக வழிதான். நாங்கள் சிவனொளிபாதமலை என்கிறோம். அரசர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்புகிறார். அந்தக் குழுவில் ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்தார்கள். ஒரே மலைக்கு, ஒரே பாதச்சுவட்டைக் காண, வெவ்வேறு நம்பிக்கையோடு ஒரே வரிசையில் ஏறிய கூட்டம் அது. பாறையில் பொருத்தப்பட்ட இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை அவர் எழுதியிருப்பதைப் படித்தால், ஏறிப் பார்த்த எவருக்கும் நம்பிக்கை வரும்.

அடுத்து தினாவர் என்ற ஊர். இன்றைய தெய்வந்துறை. கடலோரப் பெருங்கோயில், ஆளுயரப் பொன் சிலை, கண்களாக இரண்டு மாணிக்கங்கள், ஏறத்தாழ ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும், இரவுதோறும் சிலையின் முன் ஆடிப் பாடும் ஐந்நூறு பெண்கள், ஊரின் வருவாய் முழுவதும் கோயிலுக்கே என்று அவர் தரும் சித்திரம் மிகைபோலத் தோன்றும். ஆனால் 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கச் செய்த அந்தக் கல்லில், சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, பட்டு என்று சீனப் பேரரசர் காணிக்கை அனுப்பும் அளவுக்குப் பெயர் பெற்ற கோயில் அது. இப்னு பதூதா பார்த்து அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள் பொறிக்கப்பட்ட கல் இது. அவரை அறியாதவர்கள் வெட்டியது. போர்த்துக்கீசர் 1588இல் அந்தக் கோயிலை இடித்துத் தள்ளினார்கள்.

ஐந்நூறு பெண்கள் என்ற எண்ணிக்கையை நான் எண்ணிப் பார்க்கச் சொல்லமாட்டேன். இடைக்காலப் பயணிகளுக்கு ‘ஐந்நூறு’ என்பதும் ‘நிறைய’ என்பதும் ஒன்றுதான். கோயில் இருந்தது, பெரியதாக இருந்தது, ஊர் அதன் கையில் இருந்தது என்பவை நிற்கும்.

வைகைக்கரை

மதுரைப் பகுதிக்கு வருகிறேன். இழையைத் தொடங்கியவரின் உண்மையான அக்கறை அங்கேதான் இருக்கிறது.

முதலில் உறவுமுறையைக் கவனிக்க வேண்டும். தில்லியில் இருந்தபோது இப்னு பதூதா, பின்னாளில் மதுரையில் தனியரசு நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தார். அதே அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளை மணந்தவர் கியாசுத்தீன் தாம்கானி. இவர் மதுரை சுல்தானாக இருந்தபோதுதான் இப்னு பதூதா இங்கே வந்து சேர்கிறார். நம் வழக்கில் சொன்னால் இருவரும் சகலைகள். சகலையின் வீட்டு விருந்தாளியாக வந்தவர், அந்தச் சகலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

காட்டு வழியாகப் படை நகரும்போது பிடிபட்ட இந்துக்களின் தோளில், இருமுனையும் கூராகச் சீவிய கழுமரங்களைச் சுமக்க வைத்தார்கள். மறுநாள் காலையில் அவர்களை நான்கு பிரிவாக்கிப் பாளையத்தின் நான்கு வாயில்களிலும், அவர்கள் சுமந்துவந்த அதே மரங்களில் ஏற்றினார்கள். அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். வேறெந்த அரசனும் இத்தகைய இழிசெயலைச் செய்து தாம் அறிந்ததில்லை என்றும், இதனால்தான் இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதியிருக்கிறார். மற்றொரு நாள் ஒரு கைதியைக் கொண்டுவருகிறார்கள். இப்னு பதூதா எழுந்துகொள்கிறார். ‘எங்கே போகிறீர்?’ என்று சுல்தான் கேட்க, ‘அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு’ என்கிறார். காரணம் புரிந்து சுல்தான் சிரிக்கிறான்; கைதியின் கைகால்களை வெட்டச் சொல்கிறான். தொழுதுவிட்டுத் திரும்பியவர் அந்த மனிதன் இரத்தத்தில் கிடப்பதைப் பார்க்கிறார்.

தம் மதத்தைச் சேர்ந்தவனும், தம் உறவினனும், தமக்குச் சோறு போட்டவனுமான ஓர் அரசனைப் பற்றி ஒருவர் இப்படிப் பொய் சொல்ல என்ன தேவை இருக்கிறது? இவற்றை நான் நம்புகிறேன்.

ஆனால் இந்தப் பத்திகளை வெட்டி ஒட்டுபவர்கள் அடுத்த பக்கத்தை ஒட்டுவதில்லை. இதே இப்னு பதூதா இதே சுல்தானிடம் மாலத்தீவின்மீது படையெடுக்கலாம் என்று யோசனை சொல்கிறார். சுல்தான் ஒப்புக்கொள்கிறான், கப்பல்கள் கிளம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று கடற்படைத் தலைவன் சொல்ல, அந்த இடைவெளியில் இருந்ததால்தான் அவர் கொடுமைகளைப் பார்க்க நேர்ந்தது. முகம் சுளித்துத் தொழுகைக்கு எழுந்தவரே அந்த அரசனின் படையைத் தம் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தவும் தயாராக இருந்தார். இதையும் அவரே சொல்கிறார் என்பதுதான் இந்தப் பகுதிக்கு எடை கூட்டுகிறது.

ஒய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தில் வெற்றியின் விளிம்பில் இருந்தபோது எதிர்பாராத தாக்குதலில் பிடிபட்டுக் கொல்லப்பட்டதையும், அவனுடைய தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதையும் எழுதி, ‘நான் அதைப் பார்த்தேன்’ என்கிறார். சண்டையை அவர் பார்க்கவில்லை, கேட்டது. சுவரில் தொங்கியதைப் பார்த்தார். இந்த இரண்டையும் அவரே பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். 1342 அளவில் வல்லாளன் போரில் மாண்டதை ஒய்சளத் தரப்புச் சான்றுகளும் உறுதிப்படுத்துகின்றன.

இதன் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் மதுரை சுல்தானை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் இயற்றிய மதுரா விஜயம் இருக்கிறது. பாழடைந்த கோயில்கள், வெட்டப்பட்ட தென்னைகள், இரத்தம் கலந்த ஆற்று நீர் என்று அது பாடுகிறது. அது வெற்றி பெற்றவர்களின் அரசவைக் காவியம். எதிரியைக் கொடியவனாகக் காட்டியாக வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. இப்னு பதூதாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருவரும் சேரும் இடத்தில் உறுதியாக நிற்கலாம். இருவரும் சேராத இடத்தில், எடுத்துக்காட்டாக மதுரைக் கோயிலுக்கு என்ன நேர்ந்தது என்பதில், மொராக்கோக்காரர் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை யாரும் தம் வசதிக்கு நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. மதுரையில் கொள்ளைநோய் பரவி, பிடித்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செத்துக்கொண்டிருந்தபோது, அவருக்கும் கடுங்காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டோம் என்றிருந்தவர், அங்கே தாராளமாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்திருக்கிறார். மூன்று நாள் வயிறு போய்க் காய்ச்சல் விட்டது என்கிறார். மதுரையில் இருக்காதவர் இதை எழுதியிருக்க முடியாது.

கொற்கைத்துறை

புளிக்கரைசலுக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. மதுரைப் பகுதியின் எடையையும் ஏற்கிறேன். ஆனால் வைகைக்கரை அவர்களின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘தமக்கு இழுக்கு தரும் செய்தியைச் சொல்கிறார், ஆகவே உண்மை’ என்பது நல்ல அளவுகோல்தான். ஆனால் நூலை எழுதச் சொன்னவர் மொராக்கோ அரசர். தொலைதூரத்து சுல்தான்கள் கொடியவர்களாகவும் கஞ்சர்களாகவும் தெரியத் தெரிய, ஊரிலுள்ள அபூ இனானின் நீதியும் கொடையும் ஒளிவீசும். நூலின் முடிவில் அபூ இனானுக்குப் பாடப்படும் புகழை ஒருமுறை படித்துவிட்டு மதுரைக்குத் திரும்பிப் பாருங்கள். அந்தக் கழுமரங்களை ஃபெஸ் அவையினர் எந்த மனநிலையில் கேட்டிருப்பார்கள் என்று விளங்கும். நிகழ்வு பொய் என்று நான் சொல்லவில்லை. எதைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார் என்பதில் கேட்பவரின் நிழல் விழுந்திருக்கிறது.

மேலும், கண்டதும் கேட்டதும் எப்போதும் அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. தில்லியைக் காலிசெய்து தௌலதாபாத்துக்கு மக்களை விரட்டியபோது, போக மறுத்த பார்வையற்ற ஒருவரை வழிநெடுக இழுத்துச் செல்ல ஆணையிட்டார்கள், போய்ச் சேர்ந்தது அவருடைய கால் மட்டுமே என்ற கதை இந்த நூலில்தான் இருக்கிறது. பள்ளிப் பாடம் வரை போய்விட்டது. அது நடந்ததாகச் சொல்லப்படுவது 1327ஐ ஒட்டி. இப்னு பதூதா சிந்து நதியை அடைந்ததே 1333இல். தில்லித் தெருவில் யாரோ சொன்னதை இவர் சொல்ல, நாம் ‘நேரில் கண்டவர் கூறுகிறார்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அலைவாய்

கொற்கைத்துறையின் ‘கேட்பவரின் நிழல்’ என்ற கருத்து மாலத்தீவுப் பகுதிக்கு மிகவும் பொருந்துகிறது. தீவினரை இஸ்லாத்துக்குக் கொண்டுவந்தவர் அபுல் பரகாத் பர்பரீ என்ற மொராக்கோக்காரர் என்று அங்கே கேட்டும், பள்ளிவாசல் கல்வெட்டில் படித்தும் எழுதியிருக்கிறார். மாலேயில் உள்ள பழைய அரபுப் பலகையில் அந்த எழுத்துகளுக்குப் புள்ளி தெளிவாக இல்லாததால், அதைப் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரத்தவர் என்றும் படிக்கலாம் என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். தம் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கண்ணுக்கு ஒரு புள்ளியை வைத்துவிடும்.

ஆனால் பொருளியல் செய்திகளில் இந்த மனிதரை மிஞ்ச ஆளில்லை. மாலத்தீவில் சோழிகளைக் கடலிலிருந்து எடுத்து, கரையில் குழிதோண்டிப் போட்டு, சதை அழுகி வெள்ளை ஓடு மிஞ்சியபின் எண்ணி எடுப்பார்கள் என்கிறார். ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழி. மலிந்துவிட்டால் அதைவிடவும் அதிகம். வங்காளத்தினர் அரிசி கொடுத்து அதை வாங்கிப் போய்ப் பணமாகப் புழங்குகிறார்கள். ஏமன் நாட்டினர் கப்பலின் அடியில் மணலுக்குப் பதிலாக நிரப்புகிறார்கள். கிட்டத்தட்டப் பத்தாண்டுக்குப் பின், உலகின் மறுகோடியில், மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரையின் காவோவிலும் மாலியிலும் அதே சோழியை ஒரு பொன் தினாருக்கு 1,150 என்று விற்கப் பார்த்திருக்கிறார். இந்த இரண்டு விலைகளையும் ஒரே மனிதர் நேரில் பார்த்துச் சொன்னதாக அந்த நூற்றாண்டில் வேறு எவரையும் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலும் சகாராவும் ஒரே சந்தையின் இரு முனைகள் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. பொய் சொல்பவர் 1,150 என்று எண்ணிச் சொல்ல என்ன அவசியம்?

மாலியில் மன்னர் சுலைமானின் விருந்துப் பரிசு வருகிறது என்று ஆட்கள் ஓடிவந்து சொன்னபோது, அங்கி, பொன் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றிருக்கிறார். வந்தவை மூன்று அப்பங்கள், எண்ணெயில் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, சுரைக்குடுவையில் தயிர். சிரித்துவிட்டதாக எழுதுகிறார். பிறகு அரசவையில் எழுந்து, ‘நான்கு மாதமாக உங்கள் நாட்டில் இருக்கிறேன், விருந்தோம்பவும் இல்லை, பரிசு தரவும் இல்லை, மற்ற அரசர்களிடம் உங்களைப் பற்றி நான் என்ன சொல்வது?’ என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். தொழில்முறை விருந்தாளியின் குரல் இது. அதே பகுதியில், அந்த நாட்டில் அநீதி மிகக் குறைவு, பயணிகளுக்கும் உள்ளூர்க்காரருக்கும் திருட்டுப் பயமில்லை, இறந்துபோன அயல்நாட்டாரின் பொருளையும் தொடமாட்டார்கள் என்று மனமுவந்து பாராட்டுகிறார். பெண்களின் உடை பற்றி முகம் சுளிக்கிறார். கஞ்சத்தனத்தைத் திட்டிய அரசரின் ஆட்சியையே பாராட்டுவதால், மாலி அத்தியாயம் முழு நூலிலும் நடுநிலை மிக்கது என்பது என் கட்சி. கொற்கைத்துறை சொன்ன அபூ இனான் நிழல் இங்கே அவ்வளவாக விழவில்லை.

நெடுவழி

எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஒரு நடைமுறைக் கேள்வி: முழுவதையும் படிக்க நேரமில்லாத வாசகர் எந்தப் பதிப்பை, எந்த வரிசையில் படிப்பது? நூலகத்தில் மூன்று நான்கு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை.

சுவடிக்காவலர்

1829இல் வந்த சாமுவேல் லீயின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுக்க வேண்டாம். அது ஒரு சுருக்கச் சுவடியிலிருந்து செய்யப்பட்டது. முழு அரபு மூலம் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பாரிசில் 1853 முதல் 1858 வரை நான்கு தொகுதிகளாக அச்சான பிறகே உலகத்துக்குக் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எந்த விமர்சனத்தையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கிப் 1929இல் வெளியிட்டது தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டுமே; முதல் வாசிப்புக்குப் போதும். அவர் தொடங்கிய முழு ஆங்கில மொழிபெயர்ப்பு ஹக்லூயிட் சங்க வெளியீடாக 1958இல் முதல் தொகுதியைக் கண்டு, அவர் மறைந்த பின் பெக்கிங்ஹாம் கையில் 1994இல்தான் நான்காம் தொகுதியோடு நிறைவு பெற்றது. மாலத்தீவு, இலங்கை, மதுரை, சீனம், மாலி எல்லாம் அந்த நான்காம் தொகுதியில் இருப்பதால், நம் வாசகர் அதை மட்டும் எடுத்தாலே போதும். கிடைக்காவிட்டால், 1953இல் பரோடாவிலிருந்து வந்த மஹ்தி ஹுசைன் பதிப்பு இந்தியா, மாலத்தீவு, இலங்கைப் பகுதிகளை அடிக்குறிப்புகளோடு தருகிறது. மாலி அதில் இல்லை. அதுவும் கையில் இல்லாதவர்கள் நீலகண்ட சாஸ்திரியார் 1939இல் தொகுத்த வெளிநாட்டார் குறிப்புகளில் தென்னிந்தியப் பகுதியைப் பார்க்கலாம்.

வரிசை என்று கேட்டால், தாஞ்சியரிலிருந்து தொடங்க வேண்டாம். மக்கா வரை வாசகர் படிப்பது பெரும்பாலும் இப்னு ஜுபைரைத்தான். மாலியை முதலில் படியுங்கள், சிறியது. பிறகு மாலத்தீவு, இலங்கை, மதுரை மூன்றையும் ஒரே மூச்சில் படியுங்கள்; அவை ஒரே தொடர் நிகழ்ச்சி. தில்லி பெரியது, அதைப் படிக்கும்போது பக்கத்தில் அதே காலத்துத் தில்லி வரலாற்றாசிரியர் பரணீயின் வரலாற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பீகிங் இறுதிச் சடங்கைக் கொற்கைத்துறை ஐயாவோடு சேர்ந்து கடைசியில் படிக்கலாம்.